மரத்தடியிலிருந்து மாநில அணி வரை



கிரிக்கெட் ஆட்டம் நடைபெறும் நாட்களில் நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் பேருந்து நிலையத்திலும் வேறு பேச்சே இருப்பதில்லை. வீட்டிலும் அப்பாவும் அண்ணன்மாரும் தொலைக்காட்சிப் பெட்டியை விட்டு அசையமாட்டார்கள். ஆனால், "தமிழ்நாட்டுக்கென்று ஒரு கிரிக்கெட் அணி உண்டே, அதன் வரலாறு என்ன? அதில் ஆடிப் புகழ் பெற்றவர்கள் யார், யார்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்களிலேயே பலர் விழிப்பார்கள். இந்திய அணியைப் பற்றியும் கோடைக்கால ஐ.பி.எல். அணிகளைப் பற்றியும் தெரிந்த அளவுக்கு, நம் மாநிலத்தின் பெயரைத் தாங்கித் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆடிவரும் அணியைப் பற்றி நாம் தெரிந்துகொள்ளவில்லை.

இது ஆண் பிள்ளைகளுக்கான செய்தி என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். "உனக்கு இங்கே இடமில்லை" என்று விலக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு காலத்திலும் உள்ளே வந்து சேர்ந்த கதைதான் இந்த அணியின் வரலாறு. அக்கதை இன்னும் முடியவில்லை. அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

ரஞ்சிக் கோப்பை என்பது என்ன?

கிரிக்கெட் ஆடும் நாடுகள் எல்லாவற்றிலும் நாட்டு அணிக்குக் கீழே வட்டார அணிகள் இருக்கும். இங்கிலாந்தில் கவுண்டி அணிகள் உண்டு. சின்னஞ்சிறு அயர்லாந்திலும் மாகாணங்களின் பெயரால் அணிகள் பிரிந்து ஆடுகின்றன. இந்தியாவில் மாநில அணிகள் ஆடுகின்றன. இவற்றுக்கிடையே நடக்கும் தலையாய போட்டி ரஞ்சிக் கோப்பைப் போட்டி. இங்கிலாந்து அணிக்காக ஆடிப் பெரும்புகழ் பெற்ற நவாநகர் மன்னர் ரஞ்சித்சிங்ஜியின் நினைவாக அப்பெயர் வைக்கப்பட்டது.

தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் இருபது ஓவர் ஆட்டம் மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். ரஞ்சி ஆட்டம் அப்படியன்று. லீக் ஆட்டம் நான்கு நாட்கள் நடக்கும். ஒவ்வோர் அணியும் இருமுறை மட்டை பிடிக்கலாம். வென்ற அணிக்கு 6 புள்ளிகள். இன்னிங்ஸ் வெற்றியோ பத்து விக்கெட் வெற்றியோ பெற்றால் 7 புள்ளிகள். வெற்றி தோல்வியின்றி ஆட்டம் முடிந்தால் முதல் இன்னிங்சில் அதிக ஓட்டம் எடுத்த அணிக்கு 3 புள்ளிகளும் மற்றதற்கு 1 புள்ளியும் கிடைக்கும். இறுதி ஆட்டத்திலும் இதே வழிதான்: ஆட்டம் முடிவு காணாவிட்டால் முதல் இன்னிங்சில் முந்திய அணிக்கே கோப்பை. ஆகவே இதில் பொறுமைக்கும் உடல் உறுதிக்கும் பெருமதிப்பு உண்டு.

மரத்தடியில் அமர்ந்தவர்கள்

சென்னையில் கிரிக்கெட்டைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1846 ஆம் ஆண்டில் அவர்கள் மதராஸ் கிரிக்கெட் கிளப்பைத் தோற்றுவித்தார்கள். பிறகு சேப்பாக்கம் திடல் அவர்கள் வசம் வந்தது. அந்த நாளில் இந்தியர் யாரும் அதில் உறுப்பினராக முடியாது. இந்திய ஆட்டக்காரர்கள் அங்கே ஆடப் போனால், ஆங்கிலேயர்கள் பெவிலியனுக்குள் அமர்ந்து உண்ண, இவர்கள் வெளியே மரத்தடியில் உட்கார வேண்டியிருந்தது.

இதைக் கண்டு மனம் பொறாதவர் புச்சிபாபு நாயுடு. 1868 இல் பிறந்த இவர் செல்வக் குடும்பத்தினர். சண்டை பிடிப்பதில் காலத்தைப் போக்காமல், 1888 ஆம் ஆண்டில் மதராஸ் யுனைடெட் கிளப் என்ற இந்தியர் கழகத்தை ஏற்படுத்தினார். தம் பணத்தைச் செலவிட்டு மட்டையும் பந்தும் வாங்கித் தந்து இளைஞர்களைப் பழக்கினார். ஆங்கிலேயரோடு சரிசமமாக நின்று ஆடும் ஓர் ஆட்டத்துக்கும் ஏற்பாடு செய்தார். அதைக் காண அவர் இருக்கவில்லை. 1908 இல் காலமானார். அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் பொங்கல் நாட்களில் மோதும் மாகாண ஆட்டம் பிற்காலத்தில் சென்னையின் திருவிழாக்களுள் ஒன்றாகவே ஆயிற்று. 'தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை' என்று புச்சிபாபுவை இன்றும் போற்றுகிறார்கள். அவர் பெயரால் ஒரு போட்டியும் நடந்துவருகிறது.

அவருடைய புதல்வர்களும் சிறந்த ஆட்டக்காரர்கள். அவர்களுள் சுவீகாரம் போனவர் கோட்டா ராமசாமி. டென்னிசில் 1922 இல் டேவிஸ் கோப்பைக்கு ஆடிய இவர், 1936 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இந்தியக் கிரிக்கெட் அணிக்காக முதன்முதலாகக் களம் இறங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பது! அந்த ஆட்டத்தில் 40, 60 என்று ஓட்டங்கள் எடுத்துக் கொடுத்தார். வயதாகிவிட்டது என்று சலித்துக்கொள்ளும் பெற்றோர்கள் இவரை நினைத்துக்கொள்ளலாம்.

முதல் பந்து நம்முடையது

1934 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் நாள் ரஞ்சிப் போட்டியின் முதல் ஆட்டம் தொடங்கியது. இடம் சேப்பாக்கம். ஆடிய அணிகள் மதராசும் மைசூரும். போட்டியின் முதல் பந்தை வீசியவர் நம் அணியின் எம்.ஜே. கோபாலன்.

அன்று நடந்தது கேட்டால் வியப்பாக இருக்கும். மைசூர் அணி 48 ஓட்டங்களுக்குள் சுருண்டது. மதராஸ் 130 எடுத்தது. மறுபடியும் ஆடவந்த மைசூர் 59 ஓட்டங்களில் வீழ்ந்தது. இன்னிங்ஸ் மற்றும் 23 ஓட்டங்களில் நம் அணிக்கு வெற்றி. பல நாள் ஆட்டம் என்று வந்தவர்கள் மாலையே மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். 11 விக்கெட்டுகளைச் சாய்த்து மைசூரை நிலைகுலையச் செய்தவர் ஏ.ஜி. ராம்சிங்.

கோபாலன் இரண்டு ஆட்டங்களில் இந்தியாவுக்காக ஆடியவர். 1934 இல் கல்கத்தாவில் டெஸ்ட் கிரிக்கெட் ஆடினார். 1935 இல் தியான்சந்தோடு ஆக்கி அணியில் நியூசிலாந்து சென்றார். மறு ஆண்டு, பெர்லின் ஒலிம்பிக் ஆக்கியா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்ற கேள்வி எழுந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஆக்கி அணி தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. இங்கிலாந்து சென்ற கோபாலனுக்கோ ஒரு டெஸ்டிலும் ஆட இடம் கிடைக்கவில்லை. ஆயினும் நம் மக்கள் அவரை மறக்கவில்லை. மதராசுக்கும் இலங்கைக்கும் இடையே நடந்த போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயரிட்டார்கள்.

ராம்சிங்கின் கதை இன்னொரு விதம். சென்னையில் வேரூன்றிய சீக்கியக் குடும்பம் அவருடையது. இவ்வளவு திறமை இருந்தும் அவர் இந்தியாவுக்காக ஒரு டெஸ்டும் ஆடவில்லை. ஆனால் தமக்குக் கிட்டாததைத் தம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். மூத்தவர் கிரிபால் சிங் 1955 இல் தம் முதல் டெஸ்டிலேயே நூறு ஓட்டங்கள் எடுத்தார். தம்பி மில்கா சிங்கும் டெஸ்ட் ஆட்டக்காரரானார். கிரிபால் சிங்கின் மகன் அர்ஜன் கிரிபால் சிங், 1988-89 ஆம் ஆண்டுப் போட்டியில் கோவாவுக்கு எதிராக 302 ஓட்டங்கள் குவித்தார். அதே இன்னிங்சில் டபிள்யூ.வி. ராமன் எடுத்தவை 313! பஞ்சாபிப் பெயர் கொண்ட ஒரு குடும்பம் மூன்று தலைமுறைகளாகத் தமிழ்நாட்டு அணியின் தூணாக நின்றது என்றால், அணிக்கு வேண்டியது ஆற்றல் ஒன்றே என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இரண்டு கோப்பைகள்

தொடங்கிய மறு ஆண்டே இறுதி ஆட்டம் வரை சென்ற நம் அணிக்குக் கோப்பை கிட்ட இருபது ஆண்டுகள் ஆயின. 1955 இல் பாலு அழகணன் தலைமையில் சென்ற அணி இந்தூரில் ஹோல்கர் அணியை எதிர்த்தது. ஹோல்கர் அதற்குமுன் நான்கு முறை கோப்பை வென்றிருந்த அணி. ஆட்டமோ அவர்கள் ஊரில். முடிவில் 46 ஓட்டங்களில் மதராஸ் வென்றது. அந்த அணியில் ஆடிய சி.டி. கோபிநாத், 1952 பிப்ரவரியில் இதே சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோதும் அணியில் இருந்தவர்.

அடுத்து வந்தது சுழற்பந்து வீச்சாளர்களின் காலம். விரலால் பந்தைத் திருப்பிய எஸ். வெங்கட்ராகவனும், மணிக்கட்டால் திருப்பிய வி.வி. குமாரும் மற்ற மாநிலங்களை அஞ்சவைத்தார்கள். குமார் ரஞ்சியில் 400 விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர். இந்தியாவுக்கு ஆடக் கிடைத்ததோ இரண்டே டெஸ்டுகள். பொறியியல் பட்டதாரியான வெங்கட்ராகவன் 57 டெஸ்டுகளில் 156 விக்கெட்டுகள் வீழ்த்தினார். 1975, 1979 ஆகிய இரு உலகக் கோப்பைகளிலும் இந்திய அணித் தலைவர் அவரே. ஓய்வு பெற்றபின் நடுவராகி 73 டெஸ்டுகளில் நின்றார். ஆடிய காலத்தைப் போலவே நடுநிலைக்காகவும் உலகம் அவரை மதித்தது.

ஆனால் கத்தி இரு பக்கமும் வெட்டும் அல்லவா? 1973 இல் சேப்பாக்கத்தில் பம்பாயோடு நடந்த இறுதி ஆட்டத்தில் சுழற்பந்துக்கு ஏற்ற ஆடுகளம் நமக்கே பகையாயிற்று. பம்பாய் 151, 113 என்று எடுக்க, நம் அணி 80, 61 என்று வீழ்ந்தது. பம்பாயின் பத்மாகர் சிவால்கர் 13 விக்கெட்டுகளை அள்ளிச் சென்றார். ஐந்து நாள் ஆட்டம் மூன்றாம் நாளின் முதல் பந்தோடு முடிந்துபோனது.

1969 இல் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றதைத் தொடர்ந்து அணியும் தமிழ்நாடு அணி ஆகியிருந்தது. அந்தப் பெயரில் முதல் கோப்பை 1988 இல் வந்தது. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் எஸ். வாசுதேவன் தலைமையில் நம் அணி, சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை இன்னிங்ஸ் மற்றும் 144 ஓட்டங்களில் வென்றது. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியாவுக்கு அதிகமாக 38 ஓட்டங்கள் எடுத்துத் தந்த கே. ஸ்ரீகாந்தும், பதினேழு வயதில் டெஸ்ட் ஆடிய எல். சிவராமகிருஷ்ணனும் நாட்டுக்கு அறிமுகமாகியிருந்தார்கள்.

நழுவிய கோப்பைகள்

1988 க்குப் பிறகு தமிழ்நாடு பலமுறை ரஞ்சி இறுதி ஆட்டத்துக்குச் சென்றது. ஒருமுறையும் கோப்பையோடு திரும்பவில்லை. 2003, 2004 ஆகிய இரு ஆண்டுகளிலும் மும்பையிடம் தோற்றது. 2012 இல் சேப்பாக்கத்தில் ராஜஸ்தான் முதல் இன்னிங்சில் 621 ஓட்டங்கள் குவித்து, அந்த முந்துதலாலேயே கோப்பையைப் பெற்றது. 2015 இல் கர்நாடகத்தின் கருண் நாயர் ஒருவரே 328 ஓட்டங்கள் எடுத்து நம் ஆசையில் மண்ணைப் போட்டார்.

திறமையாளர்கள் இல்லாததால் வந்த குறையா? அப்படிச் சொல்ல முடியாது. 537 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்த ஆர். அசுவின், முரளி விஜய், தினேஷ் கார்த்திக், எல். பாலாஜி, எஸ். பத்ரிநாத், வாஷிங்டன் சுந்தர் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். அவர்களில் சிறந்தவர்கள் இந்திய அணிக்குப் போய்விடும்போது மாநில அணிக்கு ஆடும் நாட்கள் குறைந்துவிடும். ஒருநாள் ஆட்டத்துக்கான விஜய் ஹசாரே கோப்பையையும், இருபது ஓவர் ஆட்டத்துக்கான சையது முஷ்டாக் அலி கோப்பையையும் நம் அணி பலமுறை வென்றிருக்கிறது. 2021 நவம்பரில் கர்நாடகத்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தில் ஷாருக் கான் சிக்சர் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தார். 2022 இல் என். ஜெகதீசன் ஒரே இன்னிங்சில் 277 ஓட்டங்கள் எடுத்து விஜய் ஹசாரே போட்டியில் சாதனை படைத்தார்.

சென்னைக்கு வெளியே

இதுவரை சொன்ன பெயர்களைக் கவனித்தீர்களா? பெரும்பாலோர் சென்னையில் ஆடி வளர்ந்தவர்கள். அதற்குக் காரணம் உண்டு. புல்தரை ஆடுகளங்கள், பயிற்சியாளர்கள், வாரந்தோறும் லீக் ஆட்டம், ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து ஆதரித்த நிறுவனங்கள் எல்லாம் அங்கேயே இருந்தன. தேர்வாளர்களின் கண்ணில் படுவதும் அங்கே ஆடுபவர்கள்தாம். நம் திருவண்ணாமலையிலிருந்து சேப்பாக்கம் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஏழைப் பிள்ளை ஒருவனுக்கு அது இமயமலைத் தொலைவு.

அத்தொலைவைக் கடந்து காட்டியவர் டி. நடராஜன். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்தவர். தாயார் சாலையோரத்தில் கடை வைத்திருந்தார். நடராஜன் டென்னிஸ் பந்தில் தெருவில் ஆடிப் பழகினார். பிறகு சென்னைக்கு வந்து 2015 இல் மாநில அணியில் இடம் பெற்றார். உடனே சோதனை வந்தது: அவர் பந்து வீசும் முறை சரியானதா என்று ஐயம் எழுந்தது. மனம் உடைந்துபோகாமல் முறையைத் திருத்திக்கொண்டார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசச் சென்றவர், ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என்று மூன்றிலும் இந்தியாவுக்காக ஆடிவிட்டுத் திரும்பினார். இவற்றுக்கெல்லாம் மேலாக, 2023 இல் தம் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் திடலை அமைத்தார். தாம் ஏறிய ஏணியை அடுத்தவருக்காக விட்டுவைத்திருக்கிறார்.

2016 இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டியும் திருநெல்வேலி, சேலம், கோவை, திண்டுக்கல் அருகிலுள்ள நத்தம் ஆகிய ஊர்களுக்கு ஆட்டத்தைக் கொண்டுசென்றது.

நம் அக்காமார்

இனி நம் கதைக்கு வருவோம். பெண்களுக்கென்று இந்தியக் கிரிக்கெட் சங்கம் 1973 இல்தான் ஏற்பட்டது. 1976 இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கே வந்தபோது இந்தியப் பெண்கள் முதன்முதலாக டெஸ்ட் ஆடினார்கள். அந்தத் தொடரில் ஆடியவர்களுள் சுதா ஷா, ஃபௌசியா கலீலி, சூசன் இட்டிச்செரியா ஆகிய மூவரும் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள். மூன்று மதங்களைச் சேர்ந்த மூவர், ஒரே சீருடையில்! சுதா ஷா 21 டெஸ்டுகள் ஆடியபின் பயிற்சியாளரானார். 2005 இல் இந்தியப் பெண்கள் முதன்முறையாக உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை எட்டியபோது அவர்களைப் பயிற்றுவித்தவர் அவரே. சூசனின் மகள்தான் ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பள்ளிக்கல்.

பெண்கள் சங்கம் 2006 இல் ஆண்களின் வாரியத்தோடு இணையும் வரை, அவர்களுக்குக் கிடைத்த பணமும் வசதியும் மிகக் குறைவு. இருந்தும் ஆடினார்கள். 2013 ஜனவரி 31 அன்று மும்பையில் நம் சென்னையின் திருஷ் காமினி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக நூறு ஓட்டங்கள் எடுத்தார். உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். மறு ஆண்டு மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் 192 ஓட்டங்கள் எடுத்தார். 2025 பிப்ரவரியில் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது, அரையிறுதியில் ஆட்டமிழக்காமல் 56 ஓட்டங்கள் எடுத்தவர் மதுரையில் பிறந்த ஜி. கமலினி.

2025 நவம்பர் 2 அன்று இந்தியப் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. நாடே மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அந்த அணியில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவரும் இல்லை. ஆந்திரத்துக் கடப்பை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து ஸ்ரீ சரணியும், மத்தியப் பிரதேசத்துச் சிற்றூரிலிருந்து கிராந்தி கௌடும் அங்கே நின்றார்கள். கடப்பை நமக்கு ஒன்றும் வெகு தொலைவன்று.

ஏன் நாம் இல்லை? நம் கையில் மட்டையைக் கொடுத்துப் பார்த்தவர்கள் குறைவு என்பதுதான் விடை. ஆறு வயதுப் பையன் தெருவில் பந்தடித்தால் "ஆடட்டும்" என்கிறோம். அதே வயதுப் பெண் மட்டை எடுத்தால் "வெயிலில் கறுத்துப்போவாய், உள்ளே வா" என்கிறோம். அன்று சேப்பாக்கத்து மரத்தடியில் உட்கார வைக்கப்பட்டவர்கள் ஆட்டக்காரர்களாவது ஆனார்கள். நம்மில் பலர் திண்ணையை விட்டு இறங்கவே இல்லை.

இன்று வழி திறந்தே இருக்கிறது. பதினைந்து, பத்தொன்பது, இருபத்து மூன்று வயதுக்குட்பட்ட பெண்களுக்கென்று மாநிலங்களுக்கிடையே போட்டிகள் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தமிழ்நாட்டு அணி தேர்ந்தெடுக்கப்படுகிறது. பள்ளியில் ஆடத் தொடங்கி, மாவட்ட அளவில் பழகி, மாநிலத் தேர்வுக்குச் செல்வதே முறை. தொடங்குவதற்குப் பதினொரு பேரும், ஒரு பந்தும், ஒரு மட்டையும், மாலையில் ஒரு மணி நேரமும் போதும்.

பெற்றோர்களுக்கும் அருட்சகோதரியருக்கும் எங்கள் பணிவான வேண்டுகோள் ஒன்றே. தையலுக்கும் பாட்டுக்கும் நேரம் ஒதுக்குவதுபோல் இதற்கும் சிறிது நேரம் ஒதுக்கித் தாருங்கள். எல்லாரும் இந்தியாவுக்காக ஆடப்போவதில்லை. ஆயினும் தோல்வியைத் தாங்கவும், தோழியின் வெற்றியில் மகிழவும், நடுவரின் சொல்லுக்குக் கட்டுப்படவும் திடலில் கற்பது வாழ்நாள் முழுதும் உதவும். புச்சிபாபு மட்டையும் பந்தும் வாங்கித் தந்த இளைஞர்களுக்கு அன்று ரஞ்சிக் கோப்பை என்ற பெயர்கூடத் தெரியாது. அவர்கள் ஆடப் பழகியதால்தான் பின்னே ஓர் அணி உருவாயிற்று.

தோழியரே, நாளை மாலையே தொடங்குவோமா?